120 பேருக்கு இடம் தேடியபோது

நாங்கள் திட்டமிட்டிருந்தது ஒரு நாள் கூட்டம். காலையில் உரைகள், மதியம் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேச்சு. 120 பேரை எதிர்பார்த்தோம். சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தார்கள், காது மந்தமான பெரியவர்களும் நிறையப் பேர். காலை உரைகளில் ஒன்றைத் தருபவரே சக்கர நாற்காலியில்தான் வருவார். இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

“எத்தனை பேர் உட்காரலாம்?” என்று கேட்டால் எந்த ஹாலிலும் சட்டென்று ஓர் எண் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது நாற்காலிகளை நெருக்கி, வரிசையாகப் போட்டால் கொள்ளும் எண். அப்படிப் போட்டால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 8 சதுர அடி போதும். அதே ஆட்களை 5 அடி வட்ட மேஜையைச் சுற்றி எட்டெட்டுப் பேராக உட்கார வைத்தால் ஆளுக்கு 12 முதல் 15 சதுர அடி வேண்டும். ஒரு இடத்தில் “200 பேர் தாராளமாக உட்காரலாம்” என்றார்கள். அவர்கள் கணக்குப்படி நாற்காலி போடும் இடம் 1,600 சதுர அடி. எங்கள் 15 மேஜைகளுக்கே 1,440 முதல் 1,800 சதுர அடி ஆகிவிடும். திரை வைக்கவும், சக்கர நாற்காலி தடையின்றிப் போய்வரவும் இடம் எங்கே? அதன் பிறகு எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு நீள அகலத்தைக் கேட்டேன். இழுப்பு நாடாவையும் கையோடு எடுத்துப்போனேன். தூண்கள் எங்கே நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் ஒரு தூண் ஒரு மேஜைக்கே திரையை மறைத்துவிடும்.

நான் அதிகம் மெனக்கெட்டது காதுக்காகத்தான். பார்க்க அழகாக இருந்த பல ஹால்கள் இந்த ஒன்றில்தான் தோற்றன. உயரமான கூரை, வழவழப்பான கல் தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால் சத்தம் இழுத்துக்கொண்டே போகும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அந்த முழக்கம் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் வந்து விழும். காது நன்றாக இருப்பவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். மற்றவர்கள் அரைமணி நேரத்தில் களைத்துப்போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் திறந்த ஒரு விரிவுரை அரங்கில் இதே தொல்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை முழங்கியதாம். அதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்டவர் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தை போலவே மனித உடலும் ஒலியை உறிஞ்சும் என்பதும் அந்த அளவீடுகளில் பதிவானது. எனவே காலி ஹாலில் கேட்பதைவிட ஆட்கள் நிறைந்தபின் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். ஆனால் “கூட்டம் வந்தா சரியாயிடும் சார்” என்ற பேச்சை நான் முழுதாக நம்பவில்லை. மைக் ஒலியைக் கூட்டினாலும் தீராது, முழக்கமும் சேர்ந்தே கூடும். பெரிய ஸ்பீக்கர் இரண்டை முன்னால் வைப்பதைவிடச் சிறிய ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களில் ஆட்களுக்கு அருகே வைப்பது நல்லது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நண்பரை முன்னால் நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

அப்புறம் மேடை. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். இரண்டடி மேடைக்கு 24 அடி. ஓரிடத்தில், “நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏத்திடுவாங்க, கவலைப்படாதீங்க” என்றார் பொறுப்பாளர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் பேச அழைத்த ஒருவரை எல்லார் கண்முன்னும் மூட்டை போலத் தூக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேடையே வேண்டாம், பேசுபவர்கள் எல்லாரும் தரையிலேயே இருக்கட்டும் என்று குழுவில் முடிவெடுத்தோம். மேஜைகளை ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்று வராமல் சற்றே விலக்கிப் போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கும் முகம் தெரியும். கழிப்பறைக் கதவுகளையும் அளந்தேன். திறந்த வழி 32 அங்குலமாவது வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி இடம் வேண்டும். பெயர்ப்பலகையில் சக்கர நாற்காலிப் படம் மாட்டியிருந்த ஒரு கழிப்பறையில் வாசலிலேயே ஒரு படி இருந்தது.

பிடித்த இடத்தைக் கூட்டம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி போய்ப் பார்ப்பது வீண் வேலை அல்ல. காலையில் அருமையாக இருந்த ஓர் அறையில் மதிய வெயில் நேராகத் திரையில் விழுந்தது. இன்னொன்றில் நடுவே இருந்தது மடக்குத் தடுப்பு மட்டும்தான், பக்கத்து நிகழ்ச்சியின் பாட்டு அப்படியே இங்கே கேட்டது.

கடைசியில் எடுத்தது கண்ணைக் கவரும் ஹால் அல்ல. தரைத்தளம், தாழ்ந்த கூரை, கார்ப்பெட், கனத்த திரைச்சீலை, வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு வாசல்கள். மதியக் குழுக்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறைகள். ஒரே அறையில் 15 மேஜைகளில் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் அந்த அறைகள் எனக்கு மிக முக்கியமாகப் பட்டன.

முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டவை: சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும், மேஜை போடும் நேரமும் வாடகையில் சேருமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, தேதி தள்ளிப்போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மேஜைகள், நடைவழி, ஸ்பீக்கர்கள் எல்லாம் அளவோடு குறித்த வரைபடத்தையும் ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்திட்டோம். அழைப்பை அதன் பிறகே அனுப்பினோம். எந்த வாசலில் படி இல்லை என்பதை அதில் முதல் வரியிலேயே போட்டோம்.