ஒத்தை பிக்கப் கிட்டார் போதுமா?

எலக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம்னு யாராவது கேட்டா, இருக்கறதுலயே சிம்பிளானதா பாருங்க, முடிஞ்சா பிரிட்ஜ் (பாடி மேல ஸ்ட்ரிங் உக்கார்ற பாகம்) பக்கத்துல ஒத்தை பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலா மாத்தற காந்தச் சுருள்) மட்டும் இருக்கற மாதிரின்னு சொல்லுவேன். உடனே கேட்டவங்க மூஞ்சி சுருங்கிடும். மூணு பிக்கப், அஞ்சு பொசிஷன் ஸ்விட்ச், ஆடுற பிரிட்ஜ் எல்லாம் அதே விலைக்கு வருதே, அப்புறம் எதுக்கு இது? அதே விலைக்கு அவ்வளவும் வருதுன்னா எங்கயோ கை வச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்.

என்னோடது பெரிய பேரெல்லாம் இல்லாத கம்பெனி. ஒரு ஹம்பக்கர் (ரெண்டு சுருள் வச்ச பிக்கப்), ஒரு வால்யூம், ஒரு டோன், அசையாத பிரிட்ஜ், அவ்வளவுதான். இது ஏதோ ஏழைக்கேத்த எள்ளுருண்டைன்னு நினைக்க வேணாம். கிப்சன் கம்பெனிக்காரங்க 1954ல லெஸ் பால் ஜூனியர்னு கத்துக்கறவங்களுக்காக ஒண்ணு விட்டாங்க, பிரிட்ஜ் கிட்ட ஒரே ஒரு பி-90 பிக்கப், அலங்காரமே கிடையாது, அப்புறம் பெரிய பெரிய ராக் ஆளுங்களே அதைத் தேடிப்போய் வாங்கினாங்க. டேன்எலக்ட்ரோ கம்பெனியோடது இன்னும் ஒரு படி கீழ, மரநாரை அழுத்தின மேசனைட் பலகைல பாடி, லிப்ஸ்டிக் குழாய்க்குள்ள பிக்கப், அதை லெட் ஸெப்ளின் பேண்டோட ஜிம்மி பேஜ் ஸ்டேஜ்லயே வாசிச்சார்.

ஆனா கம்மி விலை கிட்டார்ல ஒரு விஷயம் இருக்கு, ஃபேக்டரில கடைசி அரைமணி நேர வேலையை யாரும் பண்ணமாட்டாங்க, அதை நாமதான் பண்ணணும். என்னோடதுல ஜி ஸ்ட்ரிங்கை பெண்ட் பண்ணிட்டு, அதாவது விரலால தள்ளி வளைச்சிட்டு, விட்டா ட்யூனிங் இறங்கிப்போய் நிக்கும், ட்யூன் பண்ண முறுக்கும்போது கழுத்து மேல்முனைல ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் போட்ட பட்டையான நட்ல இருந்து 'டிங்'குனு ஒரு சத்தம் வரும். ட்யூனிங் கீ மட்டம்னு எல்லாரும் அதைத்தான் முதல்ல மாத்துவாங்க. அந்த சத்தமே சொல்லிடும், ஸ்ட்ரிங் நட்டோட பள்ளத்துல சிக்கி சிக்கி நகருதுன்னு. பென்சில் முனையை அந்த பள்ளத்துல நல்லா தேய்ச்சு கரியை இறக்கினேன், சரியாப்போச்சு. கழுத்து ஓரத்துல ஃப்ரெட் (குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) முனை கையைக் கீறுதுன்னா காத்து வறண்டு மரம் சுருங்கியிருக்கும், மரம் சுருங்கும் கம்பி சுருங்காது இல்லையா, ஃப்ரெட்போர்டுல டேப் ஒட்டிட்டு சின்ன அரத்தால ஓரத்தை லேசா மழுக்கினா போதும்.

அப்புறம் இன்டனேஷன், அதாவது கழுத்து முழுக்க சுருதி சரியா நிக்கறது. 12வது ஃப்ரெட்ல ஹார்மோனிக் (ஸ்ட்ரிங்கை அழுத்தாம லேசா தொட்டு) அடிச்சுப் பாக்கணும், அதே இடத்துல அழுத்தியும் அடிச்சுப் பாக்கணும், அழுத்தினது ஷார்ப்பா (சுருதி ஏறி) கேட்டா சேடிலை (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன துண்டு) பின்னாடி தள்ளணும், ஃப்ளாட்டா (சுருதி இறங்கி) இருந்தா முன்னாடி. இதுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ட்யூனரும்தான் வேணும். பழைய ஸ்ட்ரிங்கோட பண்ணாதீங்க, வீண் வேலை.

இனி வாசிக்கற கதை. ஒத்தை பிக்கப்னா ஒரே சவுண்டுதானேன்னு கேப்பாங்க. இல்லவே இல்ல, வலது கையை பிரிட்ஜ் பக்கம் ஒட்டி அடிச்சா கூர்மையா கத்தும், அப்படியே கழுத்துப் பக்கம் நகர்த்தி அடிச்சா அதே நோட் உருண்டு வரும். வால்யூம் நாபை பத்துல வச்சு ஆம்ப்பை லேசா கரகரன்னு டிஸ்டார்ட் ஆகற அளவுக்கு செட் பண்ணிட்டு, நாபை ஆறுக்கு இறக்கிப் பாருங்க, அந்த கரகரப்பு அடங்கி கிளீனாயிடும், ரிதம் வாசிச்சிட்டு லீடுக்கு சுண்டுவிரலால திருப்பினா போதும், பெடலே வேணாம். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் தானே சேர்த்துக் கட்டின கிட்டார்ல வேலை செஞ்சது பிரிட்ஜ் ஹம்பக்கர் ஒண்ணும் வால்யூம் ஒண்ணும்தான், அதுல அவர் வாசிச்சதைக் கேட்டுட்டு யாரும் சவுண்டு பத்தலைன்னு சொன்னதா தெரியல. கழுத்துப் பக்க பிக்கப்போட அந்த மெத்துன்னு வர்ற ஜாஸ் சவுண்டு மட்டும் இதுல வராது, அதுதான் வேணும்னா இந்த மாதிரி வாங்காதீங்க.

பழசா வாங்கறதா இருந்தா பெயின்ட் உதிர்ந்திருக்கறதெல்லாம் விடுங்க, ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ இருக்கற தலைப்பகுதி) பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டு கழுத்து நீளத்துக்குப் பாருங்க. லேசா வளைஞ்சிருந்தா ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருக்கற உலோகக் கம்பி) கால் சுத்து திருப்பி சரி பண்ணிடலாம். முறுக்கிக்கிட்டு இருந்தா எவ்வளவு மலிவா குடுத்தாலும் வச்சிட்டு வந்துடுங்க. நாபைத் திருப்பும்போது கர்ர்னு சத்தம் வந்தா பயப்பட வேணாம், உள்ள தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் போயிடும்.