சாயங்காலம் போக ஒரு வீடு

அந்தப் பையனை ரயில் ஏற்ற வேண்டாம் என்று தடுத்தது நான்தான். தடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பிறகு அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் மனதில் அடங்க மாட்டேன் என்கிறது.

ஒடிசாவில் பலாங்கீர் பக்கம் அவன் ஊர். திருப்பூரில் எங்கள் தையல் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். ராத்திரியெல்லாம் தூங்காமல் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடக்கிறான், தையல் லைனில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான், சோறு இறங்கவில்லை. இதெல்லாம் என் காதுக்கு வரும் முன்பே கான்ட்ராக்டர் அவன் ஊர்ப் பக்கம் போகும் தன்பாத் வண்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டார். “ஊருக்குப் போனா சரியாயிடுமுங்க மேடம். அம்மா கையில சாப்பிட்டான்னா தெளிஞ்சுருவான்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் செலவில்தான் டிக்கெட் போட்டிருந்தார்.

ஒரு ராத்திரியைத் தாண்டும் பயணம். ஷிப்மென்ட் நேரம் என்பதால் துணைக்கு ஆள் விட முடியாது என்று புரொடக்‌ஷனில் சொல்லிவிட்டார்கள். அந்த நிலைமையில் இருப்பவன் வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டால் யார் தேடுவது? ஊர் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் பிளாட்பாரங்களில் திரிகிறவர்களில் எத்தனை பேர் இப்படி ஏற்றிவிடப்பட்டவர்களோ. தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியில், அதாவது இ.எஸ்.ஐ.யில், டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை எழுதினார். சில வாரம் போகட்டும், அனுப்பினாலும் துணையோடு அனுப்புங்கள் என்றார்.

டாக்டர் அறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சை மொழிமாற்றிச் சொல்ல அவனுடைய ஊர்க்காரப் பையன் ஒருவனை உட்கார வைத்திருந்தோம். நல்ல பையன், தமிழும் நன்றாக வரும். டாக்டர் எதைக் கேட்டாலும் இவன் முதலில் அந்த ஊர்க்காரன் முகத்தைப் பார்த்தான், அப்புறம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். இங்கே சொல்வது அன்று ராத்திரியே போனில் ஊருக்குப் போய்விடும் என்று இவனுக்குத் தெரியும். இவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே லைனில் அவிநாசிப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவரும் இப்படித்தான் தூக்கம், சாப்பாடு எல்லாம் விட்டுப்போய்க் கிடந்தார். முதலில் மந்திரித்துத் திருநீறு போட்டார்கள், கேட்கவில்லை என்றதும் சின்னம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். அதே இ.எஸ்.ஐ.தான். டாக்டரிடம் மனசு விட்டு அழுதார். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் உடன் வரும் பெண்கள் சாயங்காலம் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். ஓரிரு மாதத்தில் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி லீவு. உள்ளூர், வெளியூர் என்று நான் பேதம் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மாத்திரையில் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு மத்தியானம் அவன் என் அறைக்கு வந்தான். “அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லாதப்ப வீட்டுலதான இருந்துச்சு? என்னை மட்டும் ஏன் வீட்டுக்கு விடல?” என்று கேட்டான். லைனில் கற்றுக்கொண்ட தமிழ்.

“அவங்க வீடு பக்கத்துல இருக்குப்பா. உன்னைத் தனியா எப்படி அனுப்பறது? உன் நல்லதுக்குத்தான்” என்றேன். “சரிக்கா” என்று எழுந்து போய்விட்டான்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவன் கேட்டது தூரத்தைப் பற்றி அல்ல என்று பிறகு தோன்றியது. அந்த அக்காவுக்குச் சாயங்காலம் போக ஒரு வீடு இருந்தது. நான் இவனைத் திருப்பி அனுப்பியது எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் எந்நேரமும் லைட்டைப் போடுவார்கள். எல்லாரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவன் பயந்தது நோயாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அந்த ஹாஸ்டலில் எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசினார்கள்.

சரி, ரயிலில் அனுப்பியிருந்தால்? அந்தக் கேள்வி வந்ததும் மறுபடி என் பக்கமே பேசத் தொடங்கிவிடுகிறேன்.

திருப்பூரில் உள்ளூர்க்காரர் என்று நாம் சொல்பவர்களில் எத்தனையோ பேர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களும் ஆரம்பத்தில் அழுதவர்கள்தான். ஆனால் லைன் வீடு பிடித்தார்கள், பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், தீபாவளிச் சீட்டுப் போட்டார்கள், ஓட்டுரிமையையும் இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஹாஸ்டல் பையனுக்கு இதில் ஒன்றுக்கும் வழி கிடையாது. 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது எங்கள் ஆட்களும் பெட்டியைக் கட்டினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. இந்த ஊரில் நன்றாகப் பழகிய ஒருவர் இருந்திருந்தால் எங்கள் ஆட்கள் அவரிடம் உண்மையா என்று கேட்டிருப்பார்கள். கேட்க ஆள் இல்லாதவன் போனில் வந்ததைத்தானே நம்புவான்?

இந்தக் கவலையில் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடியேறிய நார்வேக்காரர்களிடம், அங்கேயே பிறந்தவர்களையும் நார்வேயிலேயே இருந்துவிட்டவர்களையும் விட மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) அதிகம் என்று ஓடெகோர்ட் என்ற மருத்துவர் 1932லேயே எழுதியிருக்கிறார். நோய்க்கு வாய்ப்புள்ளவர்களே ஊரைவிட்டுப் புறப்பட்டிருக்கலாம் என்பது அவர் எண்ணம். எனக்கு அது ஒட்டவில்லை. வீட்டில் இருப்பதிலேயே திடமான பிள்ளையைத்தான் இங்கே அனுப்புகிறார்கள். புலம்பெயர்ந்து வருகிறவர்கள் வரும்போது உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதும், வருஷம் போகப்போக அது தேய்வதும் பல நாடுகளில் பார்த்த விஷயம். தம் மக்கள் பக்கத்தில் இருந்தால் மனம் அதிகம் கெடாது என்றும் படித்தேன். இவனைச் சுற்றி இருந்ததெல்லாம் இவன் மக்கள்தான். அங்கே எனக்குக் குழம்பிவிடுகிறது.

மனநல உதவிக்கான அரசு போன் சேவை டெலி மானஸின் எண் 14416ஐ ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காசு கிடையாது, அவரவர் மொழியில் பேசலாம். ஆனால் எட்டுப் பேர் நடுவே யார் அழுதுகொண்டு பேசுவார்கள்? இ.எஸ்.ஐ.யில் மனச்சிதைவு போன்ற நீண்ட நோய்க்கு 80 சதவீதச் சம்பளத்தோடு இரண்டு வருஷம் வரை உதவி உண்டு. அதற்கு இரண்டு வருஷம் விடாமல் வேலையில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் ஊர் அறுவடைப் பண்டிகையான நுவாக்காய்க்கு ஊருக்குப் போய், திரும்பும்போது வேறு கம்பெனியில் சேருகிறவனுக்கு அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

கடைசியில் ஊருக்குத் திரும்பிய இன்னொருவனோடு அவனை அனுப்பினோம். சில மாதம் கழித்து விசாரித்தால், ஊரில் இல்லை, குடும்பத்தோடு தெலங்கானாவில் செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்றார் கான்ட்ராக்டர். மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அம்மா கையில் சாப்பிட்டால் தெளிவான் என்று அவர் சொன்னதும் முழுசாக நடக்கவில்லை. நான் கொடுத்த வைத்தியமும் பாதியில் நின்றிருக்கலாம்.

இப்போது நிர்வாகத்திடம் ஒன்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் ஊருக்குப் போக வேண்டி வந்தால், துணைக்குப் போகிறவருக்கு அத்தனை நாளும் வேலை செய்ததாகவே ஷிப்ட் கணக்குப் போட வேண்டும். ஹாஸ்டலில் ஒரு தனி அறை காலியாகவே இருக்க வேண்டும். அறைக்குச் சம்மதித்துவிட்டார்கள். ஷிப்ட் விஷயத்தில், “உள்ளூர் ஆளுக்கு இப்படிக் கொடுக்கறமா? ஆளுக்கொரு சட்டம் போட முடியுமா?” என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவிநாசி அக்காவின் சின்னம்மாவுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு தடவை பதில் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.