கிளிப்ப கழட்டின அன்னைக்கு

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டென்டா இருக்கேன், ஏழு வருஷம் ஆச்சு. வியாசர்பாடிலேர்ந்து ஒரு பையன் வருவான், ஃபுட்பால் ஆடுறவன், ரெண்டு வருஷமா கிளிப். கழட்டின அன்னைக்கு அவங்கம்மா ஸ்வீட் பாக்ஸோட வந்துட்டாங்க. டாக்டர் மிச்ச பசைய தேச்செடுத்துட்டு காத்து அடிச்சாரு, அவ்ளோதான், சுவத்துல பழைய காலண்டர எடுத்தா அந்த எடம் மட்டும் புதுசா தெரியும்ல, அப்டி பல்லுல ஒட்டியிருந்த குட்டி உலோகத் துண்டு, பிராக்கெட், அது இருந்த சதுரம் பளபளன்னு இருக்கு, சுத்தி சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ள.

"இன்னா சிஸ்டர், இப்டி கீது? நீங்க ஒட்டுன பசை தானே?"

பசை இல்லக்கா. ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல அழுக்கு தங்குது, அதுல இருக்க கிருமி சர்க்கரைய ஆசிடா மாத்துது, புளிப்ப காட்டுற பிஎச் அளவு 5.5க்கு கீழ போனா பல்லோட மேல்தோலான எனாமல்லேர்ந்து கால்சியம் கரையுது. எச்சில் திருப்பி குடுக்கும், ஆனா அதுக்கு டைம் வேணும்ல, இவன் பிராக்டீஸ் முடிஞ்சி ஒரு பன்னீர் சோடாவ அர மணி நேரம் உறிஞ்சிட்டு இருப்பானாம். வெள்ள விழ ஒரு மாசமே போதும்.

அவங்க கிட்ட இத சொல்லிட்டேன், சொல்லாதது ஒண்ணு இருக்கு. மாசாமாசம் ரப்பர் மாத்தறப்போ ஈறு வீங்கி இருந்தத பாத்தவ நான் தான். "நல்லா பிரஷ் பண்ணுப்பா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன், பின்னாடி நாலு பேர் வெயிட்டிங்.

இப்போ ஒவ்வொரு தடவ ரப்பர் மாத்த வரப்பவும் கம்பிய எடுத்ததும் பல்ல காய வெச்சி கண்ணாடிய கையில குடுத்துடுவேன், ஈரத்துல ஆரம்ப வெள்ள தெரியாது. கம்பிக்கு கீழ நுழையற குட்டி பிரஷ் வேணும், பேஸ்ட் டியூப்ல ஃப்ளோரைட் 1000 பிபிஎம்மாவது இருக்கான்னு பாக்கணும், தேச்சிட்டு துப்புனா போதும், தண்ணி ஊத்தி கொப்புளிச்சா மருந்தே போயிடும். ரிஸ்க் இருக்கவங்களுக்கு டாக்டர் 5% சோடியம் ஃப்ளோரைட் வார்னிஷ் தடவுவாரு.

அந்த பையனுக்கு ஒடனே ஸ்ட்ராங் ஃப்ளோரைட் வேணாம்னுட்டாரு, மேல்தோல் மட்டும் இறுகி வெள்ள உள்ளயே நின்னுடுமாம். சாதா பேஸ்ட்டும், பால் புரதம் சேர்ந்த ஒரு க்ரீமும். ஆறு மாசத்துல கொஞ்சம் மங்கிச்சு, முழுசா போகல. அந்த வெள்ளைக்குள்ள ரெசின்ங்கிற பிளாஸ்டிக் மாதிரி திரவத்த ஊற வைக்கிற ட்ரீட்மென்ட் இருக்கு, செலவ கேட்டு அந்தக்கா அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க.

போன வாரம் தங்கச்சிய கூட்டிட்டு வந்தாங்க, கிளிப் போட. காத்து அடிச்சேன், ஒரு பல்லுல இப்பவே வெள்ள. ஒழுங்கா பிரஷ் பண்ணிட்டு ஒரு மாசம் கழிச்சி வாங்கன்னாரு டாக்டர். "கிளிப்பே போடல, அதுக்குள்ளயா"ன்னு மொணகிக்கிட்டே குட்டி பிரஷ் ரெண்டு வாங்கிட்டு போனாங்க.