எக்ஸ்டெண்டர் மாட்டுனதுல இருந்து வந்த சிவப்பு எச்சரிக்கை

அம்பாசமுத்திரத்துல எங்க வீடு பழைய நீள வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, கடைசியில அடுப்படி, எல்லாம் தடிச்ச செவுரு. ரவுட்டர் தார்சாவுல இருக்கு, பட்டாசலைத் தாண்டுனா சிக்னல் கெடையாது, அதனால ரெண்டாங்கட்டுல ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுனோம். அன்னைக்கு சாயங்காலமே மதினி லேப்டாப்ல ஆன்டிவைரஸ் கத்துது, 'ஏஆர்பி கேஷ் பாய்சனிங்' தாக்குதலாம், அதாவது நெட்வொர்க்குல எந்த முகவரி எந்தக் கருவியோடதுன்னு லேப்டாப் குறிச்சு வச்சிருக்க பட்டியல்ல யாரோ பொய்யை ஏத்துதாவளாம். மறுநாளும் நாலஞ்சு தடவை. மதினி வீட்டுல இருந்துதான் கம்பெனி கணக்கு பாக்காவ, ரொம்ப பயந்துட்டாவ.

பக்கத்து வீட்டுத் தம்பி படிக்கதுக்கு நம்ம வைஃபைதான். அண்ணன் அவன் மேல சந்தேகப்பட்டு பாஸ்வேர்டை மாத்திட்டான். எச்சரிக்கை நிக்கல.

நான் ரெண்டு நாள் கூடவே உக்காந்து பாத்தேன், அம்மா போனை எடுத்துக்கிட்டு அடுப்படியில இருந்து தார்சாவுக்கு வந்த கொஞ்ச நேரத்துல எச்சரிக்கை வருது, எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிட்டா நாள் பூரா ஒண்ணும் வரல. லேப்டாப்ப ரவுட்டர்ல நேரா கேபிள் போட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'ஏஆர்பி -ஏ' (arp -a) அடிச்சு அந்தப் பட்டியலைப் பாத்தா விஷயம் அங்ஙனதான் இருக்கு. அம்மா போன், பிரிண்டர், டிவி மூணுக்கும் ஐபி (ரவுட்டர் குடுக்க நெட்வொர்க் முகவரி) வேற வேற, ஆனா மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் தனியா இருக்க வேண்டிய அடையாள நம்பர்) ஒண்ணே ஒண்ணு, அது எக்ஸ்டெண்டர் அட்டையில ஒட்டியிருக்க அதே நம்பர்!

நம்ம ஊரு வளவு மாதிரிதான் இது. உள்ள நாலு குடும்பம் இருக்கும், தபால்காரருக்கு முன்வாசல் கதவு நம்பர் ஒண்ணுதான் தெரியும். அந்த மாதிரி எக்ஸ்டெண்டர் தன் பின்னால இருக்க எல்லாத்துக்கும் தன்னோட மேக் அட்ரஸையே போட்டு ரவுட்டருக்கு அனுப்புது. அம்மா தார்சாவுக்கு வந்து போன் நேரா ரவுட்டர்ல சேந்ததும் அதே ஐபிக்கு போனோட சொந்த மேக் வந்துருது. ஐபி ஒண்ணு, மேக் மாறுது. நெட்வொர்க்குல நடுவுல புகுந்து திருடுதவனும் இதையேதான் செய்வான், ஏன்னா 1982ல வந்த இந்த ஏஆர்பிங்க முறையில 'இது நெசமா உன் நம்பர்தானா'ன்னு கேக்க வழியே கெடையாது. அதனால ஆன்டிவைரஸ் கத்துனது சரிதான்.

தயவுசெஞ்சு அந்த எச்சரிக்கையை மொத்தமா அணைச்சுராதீங்க. முதல்ல அந்தப் பட்டியல்ல ரவுட்டர் ஐபிக்கு நேரா (எங்களுக்கு 192.168.1.1) இருக்க மேக்கை ரவுட்டர் அட்டையோட ஒத்துப் பாருங்க, கடைசி எழுத்து ஒண்ணு ரெண்டு வித்தியாசப்படலாம். அங்க எக்ஸ்டெண்டரும் இல்லாம ரவுட்டரும் இல்லாம வேற எதோ நம்பர் இருந்தா அப்பதான் கவலைப்படணும். எங்களுக்கு சரியா இருந்துச்சு. அந்த மூணு ஐபிக்கு மட்டும் விலக்கு குடுத்தாலும் போதும், ஆனா எனக்கு மனசு கேக்கல, மச்சு வழியா லேன் கேபிள் இழுத்து எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்க முறை) மாத்துனேன். இப்போ ஒவ்வொண்ணுக்கும் அதது மேக் வருது, மூணு வாரமா ஒரு எச்சரிக்கை கூட இல்ல, வேகமும் கூடியிருக்கு.

பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன். புது பாஸ்வேர்டைக் குடுத்துட்டு, அந்த ஸ்க்ரீனை போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதையும் காட்டி எல்லாத்தையும் சொன்னோம். அவன் ரொம்ப நேரம் அந்த மூணு வரியவே பாத்துக்கிட்டு இருந்தான்.