இன்னும் சரியாகலையா?

எனக்கு லூபஸ் நோய் என்று தெரிந்த பிறகு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு விலகிப்போன நண்பர்கள் யாரும் இல்லை. அப்படிப் போயிருந்தால் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லோரும் வந்தார்கள். கட்டில் ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினார்கள். கை முறிந்தால், ஆபரேஷன் என்றால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்ப்போம், "உடம்பைப் பார்த்துக்கோ" என்போம், தேறியதும் எல்லாம் பழையபடி. லூபஸில் அந்தத் 'தேறியதும்' கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டுக்குள் வைக்கலாம், ஒழிக்க முடியாது. ஒரு வாரம் நன்றாக இருப்பேன். அடுத்த வாரம் சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காது. "இன்னும் சரியாகலையா?" என்று அக்கறையாகக் கேட்டவர்களே, சில மாதம் போனதும் அதையே சலிப்போடு கேட்டார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியிருந்த சமயம். பள்ளித் தோழி ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா சதை போட்டுட்டியேடி! உடம்பு தேறிடுச்சு போல" என்றாள். இது மாத்திரை போட்ட சதை என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவது குறைந்தது.

வெயில் பட்டால் எனக்கு நோய் கிளம்பிவிடும். எங்கள் கூட்டமோ பகலெல்லாம் சுற்றுகிற கூட்டம். முதலில் "வர்றியா?" என்றார்கள். பிறகு "நீ வரமாட்டேன்னு தெரியும், இருந்தாலும் கேக்கிறேன்." அப்புறம் கேட்கவே இல்லை. நான் இல்லாமல் வேறொரு வாட்ஸ்அப் குழு நடக்கிறது என்பது, ஒருத்தி பழைய குழுவில் கைதவறி "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று போட்டபோதுதான் தெரிந்தது. உடனே அழித்துவிட்டாள். நான் அதற்குள் படித்துவிட்டிருந்தேன்.

'பாவம், அவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை' என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். ஒரு சிலருக்கு அது பொருந்தலாம். மற்றவர்களுக்கு நன்றாகவே தெரியும், மனசுதான் இல்லை.

எதிர்பாராமல் ஒட்டிக்கொண்டவள் ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரி. முன்பெல்லாம் வணக்கத்தோடு சரி. அவள் செய்தி அனுப்பினால் கடைசியில் "பதில் போட வேண்டாம்" என்று சேர்த்துவிடுவாள். போக வேண்டிய இடத்துக்குக் கடைசி நிமிடத்தில் வரமுடியவில்லை என்றால், "சரி, அடுத்த வாரம்." காரணம் கேட்க மாட்டாள்.

லூபஸுக்காக நான் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் வருடா வருடம் கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் மங்கிக் கூசும், தனியாகத் திரும்ப முடியாது. இந்தத் தடவை துணைக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்டேன். வருகிறாளாம். ஆனால் காத்திருக்கிற நேரம் முழுக்க எங்கள் மேனேஜரைப் பற்றி அவள் புலம்புவதை நான் கேட்க வேண்டுமாம்.