டிடெக்டர் எவ்வளவு ஆழம் போகும்னு கேக்குறதை மொதல்ல விடுங்க

மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்னு இருக்கேன்னு என்கிட்ட பேச்செடுக்குற எல்லாருமே மொதல்ல கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, இது எத்தனை அடி ஆழம் வரைக்கும் காட்டும்?" அடியா? ஒத்தைக் காசை எட்டு பத்து இன்ச்ல தெளிவா காட்டுனாலே அது நல்ல மெஷின்யா. ஆறடிக் குழியிலேர்ந்து பானை பானையா தங்கம் எடுக்குற மாதிரி வீடியோ போடுறானுங்க பாருங்க, அதைப் பாத்துட்டு வந்து கேட்டா நான் என்னத்த சொல்றது.

நான் இருக்குறது இங்கிலாந்துல, கென்ட் பக்கம். இங்க வயல்ல காசு தேடுறது பெரிய பொழுதுபோக்கு. ரோமானியங்க போட்ட செப்புக் காசுலேர்ந்து விக்டோரியா ராணி தலை போட்ட பென்னி வரைக்கும் எல்லாம் உழுத மண்ணுல கலந்து கெடக்கு, ஏர் ஓட்ட ஓட்ட மேல வரும் கீழ போவும். டிடெக்டர் வெச்சிருக்குறவங்களுக்குன்னு இங்க ஒரு நடத்தை விதி இருக்கு, 2017ல திருத்தி வெளியிட்டாங்க, அதுல உழுத நெலமா இருந்தா உழவு போற ஆழத்துக்குள்ளதான் தோண்டணும்னு இருக்கு, அதுக்குக் கீழ கலையாம கெடக்குற மண்ணு ஆராய்ச்சிக்காரங்களுக்கு வேணும். அப்ப எந்த மெஷின் ரெண்டு இன்ச் கூடப் போகுதுன்னு சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?

அப்புறம் இந்த ஏர் டெஸ்ட்டுன்னு ஒண்ணு பண்ணுவாங்க, காயிலுக்கு (மெஷின் அடியில இருக்குற தட்டு) முன்னாடி காசைக் கையில புடிச்சு ஆட்டி, "பாருங்க பதினாலு இன்ச்ல அடிக்குது"ம்பாங்க. நடுவுல மண்ணும் இல்ல, பக்கத்துல ஆணியும் இல்ல, ஈரமும் இல்ல, நாம தேடுற எடம் ஒண்ணும் அப்படி இருக்காது. அதை வெச்சு மெஷின் வாங்காதீங்க.

எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இது புரிஞ்சாதான் விலை வித்தியாசம் எதுக்குன்னு புரியும். காயிலுக்குள்ள ரெண்டு சுருள் இருக்கு, ஒண்ணு காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும், அது ஒரு உலோகத்து மேல பட்டா அந்த உலோகத்துக்குள்ள சின்னதா மின்னோட்டம் சுத்த ஆரம்பிக்கும், அந்த ஓட்டம் திருப்பி ஒரு புலத்தை உண்டாக்கும், அதை இன்னொரு சுருள் வாங்கிக்கும். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல எவ்வளவு தாமதம்ங்குறதை வெச்சுதான் இது வெள்ளியா, செம்பா, ஈயத்தாளான்னு ஒரு நம்பர் காட்டுது, அதுக்குப் பேரு டார்கெட் ஐடி. கனமான வெள்ளிக் காசு, பெரிய செப்புக் காசுன்னா குறைஞ்ச அலைவரிசையில நல்லா பேசும். மெல்லிசா இருக்குற பழைய வெள்ளி, குட்டித் தங்கம் இதுக்கெல்லாம் கூடுதல் அலைவரிசை வேணும். கேரட் (Garrett) கம்பெனியோட ஏஸ் 400i 10 கிலோஹெர்ட்ஸ், நோக்டா கம்பெனியோட சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12, ரெண்டுமே நடுவாந்தரம், எல்லாத்தையும் ஓரளவுக்குப் பாத்துக்கும். மைன்லேப் எக்ஸ்டெர்ரா ப்ரோல 5, 8, 10, 15ன்னு மாத்திக்கலாம், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான். 2018ல அதே மைன்லேப்லேர்ந்து வந்த ஈக்குவினாக்ஸ் 800தான் இந்த ஆட்டத்தையே மாத்துச்சு, பல அலைவரிசையை ஒரே நேரத்துல அனுப்பி வாங்குற வித்தையை நடுத்தர விலைக்குக் கொண்டாந்தது அதுதான். அதுக்கப்புறம் நோக்டா லெஜண்ட்ன்னு ஒண்ணை எறக்கி விலைப் போட்டியை இன்னும் கிளப்பி விட்டுச்சு, வாங்குற நமக்கு நல்லதுதான்.

சரி, நிஜமா எதை வெச்சு ஒப்பிடணும்? என்னைக் கேட்டா, இரும்புப் பக்கத்துல காசு கெடந்தா மெஷின் என்ன சொல்லுதுங்குறதை வெச்சு. இங்கத்த வயல் முழுக்க கையால அடிச்ச பழைய ஆணி, லாடம், கலப்பைத் துண்டுன்னு கெடக்கும். ஆணிக்கு நாலு இன்ச் தள்ளி ஒரு வெள்ளிக் காசு இருந்தா, மெதுவா யோசிக்கிற மெஷின் ஆணிச் சத்தத்தைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள காயில் காசைத் தாண்டிப் போயிரும், காசு இருந்த எடமே தெரியாது.

இதை வீட்டுக்குப் பின்னாடி புல்லுலயே சோதிச்சுப் பாக்கலாம். கூட வேலை பாக்குற ஒரு இங்கிலீஷ்காரர்கிட்ட ஈக்குவினாக்ஸ் 800ம் அவர் பழைய ஏஸ் 400i-யும் இருக்கு, என்கிட்ட சிம்ப்ளெக்ஸ். ஒரு பலகையில துருப்புடிச்ச சதுர ஆணி ஒண்ணை வெச்சு, பக்கத்துல 1900களோட ஆரம்பத்துல வந்த வெள்ளி மூணு பென்ஸ் ஒண்ணை வெச்சோம், நம்ம சட்டைப் பித்தான் சைஸ்தான் இருக்கும் அது. ஏஸ்ல ஆணியோட கர்ர்ருங்குற சத்தம்தான் முன்னால வந்துச்சு, காசு சத்தம் கடைசியில ஒரு துணுக்கா ஒட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனா பலகையைக் கால்வட்டம் திருப்பி வெச்சு காயிலை வீசுனா தெளிவா அடிச்சுது. சிம்ப்ளெக்ஸ்ல ரெண்டு பக்கமும் காசு கேட்டுச்சு, நம்பர்தான் ஒரு எடத்துல நிக்காம தாவுச்சு. ஈக்குவினாக்ஸ்ல ரெக்கவரி ஸ்பீடுன்னு (ஒரு சத்தத்தை முடிச்சு அடுத்ததுக்கு எவ்வளவு வேகமா தயாராகுதுங்குறது) ஒரு செட்டிங் 1லேர்ந்து 8 வரைக்கும் இருக்கு, அதை 6ல வெச்சா கர்ர்-டிங், கர்ர்-டிங்குன்னு ரெண்டும் தனித்தனியா. அவ்வளவுதான் வித்தியாசம். இது பெருசா சின்னதான்னு கேட்டா, உங்க நெலத்துல ஆணி எவ்வளவு இருக்குங்குறதைப் பொறுத்தது. பழைய வீடு இருந்த எடம்னா பெரிய வித்தியாசம், வெறும் மேய்ச்சல் நெலம்னா வித்தியாசமே தெரியாது. எந்த மெஷினா இருந்தாலும் சந்தேகம் வந்தா நின்ன எடத்துலயே கால்வட்டம் திரும்பி நின்னு இன்னொரு தடவை வீசுங்க, இது ஓசியில கெடைக்கிற அப்கிரேட்.

இன்னொரு எடம் ஈர மணல். கடற்கரையில காஞ்ச மணல்ல எந்த மெஷினும் ஓடும், அலை நனைச்சுட்டுப் போற எடத்துக்கு எறங்குனாதான் தெரியும் சங்கதி. உப்புத்தண்ணியே மின்சாரம் கடத்தும், ஒத்தை அலைவரிசை மெஷினுக்கு அது மொத்தமும் ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரிதான் தெரியும், சென்சிட்டிவிட்டியைக் கொறைச்சு கொறைச்சு கடைசியில மேலாப்ல கெடக்குறதுதான் கேக்கும். பல அலைவரிசை மெஷின் உப்பையும் மணலையும் தனித்தனியா கழிச்சுட்டு மீதியைக் காட்டும். அதனால வாரா வாரம் பீச்சுக்குப் போறவங்களா இருந்தா யோசிக்கவே வேண்டாம், மைன்லேப் வான்குயிஷா இருந்தாலும் பரவால்ல, மல்டிக்குப் போயிருங்க. வான்குயிஷ் டபுள் ஏ பேட்டரியில ஓடும், மண்ணோட சத்தத்தைக் கழிக்கிற கிரவுண்ட் பேலன்ஸெல்லாம் நாம திருக வேண்டியதில்ல, ஆனா காயில்தான் தண்ணிக்குள்ள போகலாம், மேல இருக்குற பெட்டி நனையக் கூடாது, முழங்கால் தண்ணியில நின்னு தேடுறவங்களுக்கு ஆகாது. ஈக்குவினாக்ஸ் 800, சிம்ப்ளெக்ஸ் பிளஸ் ரெண்டும் மூணு மீட்டர் வரைக்கும் முழுசா முங்கலாம்.

பீச்ல கெடைக்கிற காசு பத்தி ஒரு விஷயம். 1992லேர்ந்து வர்ற 1, 2 பென்ஸ் காசு உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு. 2012லேர்ந்து 5, 10 பென்ஸும் இரும்புல நிக்கல் பூச்சு. இதுங்க டார்கெட் ஐடி நம்பரைக் குழப்பிவிட்டுரும், இரும்புச் சத்தமும் வரும் நல்ல சத்தமும் வரும். 2017 அக்டோபர்ல கடையில செல்லாம போன பழைய ரவுண்டு பவுண்டு இருக்கே, அது ஒழுங்கா அழகா அடிக்கும், எடுத்துப் பாத்தா ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.

டார்கெட் ஐடின்னதும் ஞாபகம் வருது, இந்த மெஷின்ல 80 காட்டுது, அந்த மெஷின்ல 25தான் காட்டுது, அப்ப இது மட்டமான்னு ஒருத்தர் கேட்டார். ஸ்கேலே வேறங்க. சிம்ப்ளெக்ஸ் 99 வரைக்கும் போகும், ஈக்குவினாக்ஸ் 800 மைனஸ் 9லேர்ந்து 40 வரைக்கும்தான். அதைவிட முக்கியம், அந்த நம்பரை நம்பி "இந்த ரேஞ்ச் குப்பை"ன்னு டிஸ்கிரிமினேஷன்ல வெட்டி விட்டீங்கன்னா தங்க மோதிரமும் சேந்து போயிரும், கோலா டின் மூடி வளையமும் மோதிரமும் ஏறக்கொறைய ஒரே எடத்துலதான் உக்காருது. வயல்லயும் அதே கதை. 1662க்கு முன்னாடி இங்க பெரும்பாலும் சுத்தியலால அடிச்சுதான் காசு பண்ணாங்க, மெல்லிசான வெள்ளித் தகடு, அதுலயும் சில்லறைக்காக ஒரு பென்னியைப் பாதியா காலா வெட்டிக் குடுத்த துண்டெல்லாம் கெடைக்கும், அது காட்டுற நம்பரும் ஈயத்தாள், கரிக்கட்டை காட்டுற நம்பரும் ஒண்ணு. கரிக்கட்டைன்னா சும்மா கரி இல்ல, நிலக்கரியைச் சுட்ட கோக், நீராவிக் காலத்துல வயல்ல வந்து சேந்தது, எல்லா மெஷினையும் ஏமாத்தும். நான் இரும்பை மட்டும் சத்தம் கொறைச்சு வெச்சுட்டு மீதி எல்லாத்தையும் தோண்டுறவன். கொஞ்ச நாள் போனா காதே பழகிரும், பஸ் வர்ற சத்தத்தை வெச்சே எந்த ரூட்டுன்னு சொல்ற ஊர்க் கெழவர் மாதிரி.

டியூஸ் 2 பத்தியும் கேப்பீங்க. பிரான்ஸ்காரன் எக்ஸ்பி பண்றது, காயிலுக்கும் ஹெட்போனுக்கும் வயரே கெடையாது, மொத்தமும் ஒரு கிலோவுக்கும் கம்மி, நாள் முழுக்க வீசுனாலும் தோள்பட்டை வலிக்காது, வேகத்துல அதை அடிக்க ஆள் கம்மி. விலைதான் அதிகம். மெனுவைப் படிச்சு முடிக்கவே ஒரு சீசன் ஆயிரும். நல்ல நெலத்துல தேட வயல்காரர் பெர்மிஷன் கையில இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் போறீங்கன்னா வாங்குங்க, பூங்காவுல ரெண்டு மணி நேரம் சுத்துறதுக்கு இது எதுக்கு.

என் தீர்ப்பு என்னன்னா, வயல் மட்டும்னா சிம்ப்ளெக்ஸ் ரகமே போதும், பீச்சும் உண்டுன்னா லெஜண்டோ ஈக்குவினாக்ஸோ. மிச்சமாகுற காசுல மொதல்ல ஒரு பின்பாயின்டர், அதாவது கையில புடிக்கிற குட்டி டிடெக்டர், வாங்குங்க, கேரட் கம்பெனியோடது ஆரஞ்சு கலர்ல கேரட் கிழங்கு மாதிரியே இருக்கும், ஊர்ல பாதிப்பேர் இடுப்புல தொங்குறது அதுதான். தோண்டுன குழியில காசு எந்த மூலையில இருக்குன்னு தெரியாம மண்ணைக் கையால பெசைஞ்சுக்கிட்டு இருக்குற நேரத்தை இது மிச்சப்படுத்தும், குழியும் சின்னதா போதும், வயல்காரரும் அடுத்த தடவை வரச் சொல்லுவார். அப்புறம் ஒரு நல்ல மண்வெட்டி. மெஷின் அதுக்கப்புறம்தான்.

பெர்மிஷனுக்கு முன்னாடி எந்த மெஷினும் ஒண்ணுதான், இதை மறந்துராதீங்க. 1992ல சஃபோக்ல ஹாக்ஸன் கிராமத்துல எரிக் லாஸ்னு ஒரு ரிட்டயர்ட் ஆளு, நண்பர் தொலைச்ச சுத்தியலைத் தேடப் போயி ரோமன் காலத்துக் காசு கிட்டத்தட்ட 15,000 கெடைச்சுது. ஓய்வு பெறும்போது பரிசா வந்த டிடெக்டர் அது. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வராம பாதியிலேயே நிறுத்தி தகவல் சொன்னார், அதனாலதான் ஆய்வாளர்கள் அதை அடுக்கு கலையாம எடுக்க முடிஞ்சுது. சுத்தியலும் கெடைச்சுது, இப்ப அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இங்க 1996ல வந்த புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல பழசான வெள்ளி, தங்கக் காசு ரெண்டோ அதுக்கு மேலயோ ஒரே எடத்துல சேந்து கெடைச்சா 14 நாளுக்குள்ள சொல்லணும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன நெலத்துல லைசென்ஸ் இல்லாம மெஷினை ஆன் பண்றதே குத்தம். தேம்ஸ் கரைக்குத் தனி பெர்மிட். இன்ஷூரன்ஸுக்காகவாவது என்சிஎம்டில (இங்கத்த டிடெக்டர்காரங்க சங்கம்) மெம்பர் ஆயிருங்க, 10 மில்லியன் பவுண்டு வரைக்கும் பொது லயபிலிட்டி அதுலயே அடங்குது, நெறைய வயல்காரங்க பேச்சைத் தொடங்குறதே அந்தக் கார்டைக் கேட்டுத்தான்.

எங்க சித்தப்பா மகன் கரூர்ல இருக்கான், இதெல்லாம் போட்டோவுல பாத்துட்டு "ஒரு மெஷின் வாங்கியாண்ணே, அமராவதி ஆத்துல எறங்கிருவோம்"னு போன் மேல போன். அவன் ஆசையைக் குத்தம் சொல்ல முடியாது, அந்த ஆத்து மணல்ல ரோமன் காசும் சேரர் காசும் கெடைச்சதெல்லாம் நெசம்தானே. ஆனா அங்க 1878லேர்ந்தே இந்தியப் புதையல் சட்டம் இருக்குடா, மண்ணுக்குள்ளேர்ந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது எடுத்தா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், மறைச்சா கேஸ். இங்க மாதிரி ஒரு ஆபீசர் உக்காந்து காசைப் பாத்து, போட்டோ எடுத்து, பதிவு பண்ணி, நம்ம கையிலயே திருப்பிக் குடுக்குற ஏற்பாடு அங்க கெடையாது. இதைச் சொன்னா "அப்ப பின்பாயின்டராவது வாங்கியா"ங்குறான். எதுக்குடான்னா, தோட்டத்துல போர் ரிப்பேர் பண்ணும்போது தொலைஞ்ச ஸ்பேனரைத் தேடணுமாம். சரின்னு சொல்லிருக்கேன்.