அண்ணப் பிளவுள்ள மகளைத் தத்தெடுத்தோம்: சத்தியமங்கலத்திலிருந்து ஓர் அனுபவம்

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பயந்துகொண்டு திறப்பதில்லை. அந்தக் குழந்தைகளை முதலில் இந்தியக் குடும்பங்களுக்குத்தான் காட்டுகிறார்கள். இங்கே யாரும் முன்வராவிட்டால் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பட்டியல் போகிறது. அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் இப்படிப் போகிற பிள்ளைகள் அதிகம். எங்கள் மகளும் அந்த வரிசையில் இருந்தவள்தான்.

உதடும், வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்து பிறந்தவள். உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இப்படி வருகிறது, அரிதான நோயெல்லாம் இல்லை. ஒடிசாவில் ஓர் இல்லத்தில் இருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோதே உதட்டைத் தைத்துவிட்டார்கள். எடையும் ரத்த அளவும் போதவில்லை என்று அண்ண அறுவைச் சிகிச்சை தள்ளிக்கொண்டே போயிருந்தது. நாங்கள் அவளைப் பார்த்தபோது இரண்டரை வயது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார், பான், திருமணச் சான்று, வருமானச் சான்று, எங்கள் இருவரின் மருத்துவச் சான்று எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். அது மூன்று வருடம் செல்லும். உத்தரவுக்காக முன்பெல்லாம் நீதிமன்றம் போக வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு உத்தரவு போடுகிறார். உத்தரவு வரும்வரை குழந்தை நம்மிடம் முன்தத்தெடுப்பு வளர்ப்பில் இருக்கும். அந்த வளர்ப்புக்கான கடிதத்தில் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனையில் பிரசவ அட்டை இல்லாமல் பதிவே போட மாட்டோம் என்று எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தார்கள். அங்கே கைகொடுத்தது அந்தக் கடிதம்தான்.

படத்தைப் பார்த்து மனசு முடிவு செய்துவிடும், அது வேறு. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். எங்கள் டாக்டர் அதை வரிவரியாகப் படித்தார். பிளவோடு இதயக் கோளாறோ வேறு மரபணுப் பிரச்சினையோ சேர்ந்து வரலாம், அதனால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்களா, காது கேட்கும் சோதனை செய்தார்களா, மாதாமாதம் எடை எப்படி ஏறியிருக்கிறது என்று இல்லத்தில் கேட்கச் சொன்னார். எக்கோ சரியாக இருந்தது. காதுச் சோதனை செய்யவே இல்லை என்றார்கள். அதுவும் ஒரு தகவல்தான், வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எது என்று தெரிந்தது.

இல்லத்துக்குப் போன அன்று இதே குறையுள்ள ஒரு பையனைக் கூட்டிப்போக இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கையில் தடியாக ஒரு கோப்பு. ஊரில் தங்கள் மருத்துவரிடம் முன்பே பேசி, எந்த வயதில் என்ன சிகிச்சை என்று எழுதி வாங்கி வந்திருந்தார்கள். பையனைக் கவனித்துக்கொண்ட ஆயாவிடம் அன்றாடச் சொற்களைச் சொல்லச் சொல்லி அந்த அம்மா போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். தண்ணீர், பசி, தூக்கம், வலி. நாங்களும் அப்படியே செய்தோம். முதல் சில வாரங்கள் ஒடியாவில் அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்ததே அந்தப் பதிவால்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய வேலை சாப்பாடு. அண்ணத்தில் திறப்பு இருந்தால் பாலும் குழம்பும் மூக்கு வழியாக வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். அரிசியும் பருப்புஞ் சாதத்தை அப்பத்தா குழைத்து மசித்துத் தருவார். ராகிக் கூழ் ஒரு வாய் ஊட்டி, மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த வாய். ரத்த அளவு ஏற இரும்புச்சத்து மருந்து. எடை ஏற ஆரம்பித்ததும் டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்க்கலாம் என்றார்.

இங்கேதான் நாங்கள் ரொம்ப யோசித்தோம். அண்ணத்தை வழக்கமாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிவிடுவார்கள், பேச்சு வருவதற்கு முன்னால். இவளுக்கு ஏற்கெனவே தாமதம். ஒவ்வொரு மாதமும் பேச்சுக்கு நஷ்டம். மறுபக்கம், அவளுக்கு நாங்கள் யார் என்றே இன்னும் தெரியாது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளை யார் கூப்பிட்டாலும் போகும், விழுந்தால் அழாமல் எழுந்து போகும். எங்கள் வாசலில் முட்டி சிராய்த்து ரத்தம் வந்தபோதுகூட எங்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரியாத குழந்தையை அறுவை அரங்குக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கோவையில் எங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் இதையே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சில மாதம் தள்ளலாம், ஆனால் அதற்குமேல் வேண்டாம் என்றார். அந்த மாதங்களில் அவளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நானும் என் கணவரும் மட்டும்தான் செய்தோம். தூக்கக் கை நீட்டிய சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான். இருந்தாலும் அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மயக்க மருந்துப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? 'தெரியாது, தத்தெடுத்த குழந்தை' என்று எழுதினேன். மயக்க மருந்து டாக்டர் அதைப் படித்துவிட்டு, தெரியாது என்பதைத் தெளிவாக எழுதியதே தனக்கு உதவி என்றார். அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தவள் நர்சம்மாவின் கையில் இருக்காமல் என்னைப் பார்த்துக் கத்தி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் என் உயிர் திரும்பியது.

அதற்குப் பிறகு சில வாரம் வாயில் விரல் வைக்காமல் இருக்க முழங்கை மடங்காதபடி இரண்டு கைக்கும் பட்டை. கரண்டி கூடாது, உறிஞ்சுகுழாய் கூடாது, சோற்றுப் பருக்கை கூடாது. வடிகட்டிய கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீரைக் கிண்ணத்திலிருந்து விளிம்பில் சாய்த்துக் குடிக்கவைத்தோம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். ஆனால் ஸ்மைல் டிரெயின் என்ற அறக்கட்டளை, தன்னோடு இணைந்த மருத்துவமனைகளில் பிளவு அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்ய உதவுகிறது. பணத்தை நினைத்துப் பின்வாங்குபவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.

காதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அண்ணத் தசையும் காதுக் குழாயைத் திறக்கும் தசையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. பிளவு இருந்தால் நடுக்காதில் நீர் கட்டும், சத்தம் மங்கலாகத்தான் கேட்கும். கூப்பிட்டால் திரும்பவில்லை, அடம் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குச் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். அதனால் காதுகுத்துச் சீரையும் காது மூக்குத் தொண்டை டாக்டர் சரி சொல்லும்வரை தள்ளிவைத்தோம்.

பேச்சுதான் நீண்ட வேலை. அண்ணத்தை மூடியபின்னும் பழக்கம் போகாது. ம, ன மாதிரி மூக்கொலிகள் எளிதில் வந்தன. ப, ட, க சொல்ல வாய்க்குள் காற்று அழுத்தம் வேண்டும். அது இல்லாததால் அப்பாவையும் 'அம்மா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பலூன் ஊதச் சொல்லுங்கள், புல்லாங்குழல் ஊதச் சொல்லுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊதுவதால் பேச்சு சரியாகாது, ஒலியைச் சொல்லிச் சொல்லித்தான் வரும் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடிப்பார். 'பா' என்னும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு சொல்லவைத்து, அப்புறம் கையை எடுத்துவிட்டு அதையே சொல்லவைக்க வேண்டும். வகுப்பில் நடப்பதைவிட வீட்டில் நாள் முழுக்கச் செய்வதுதான் பலன் தருகிறது. எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க வரும் அக்காக்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். விடியும் முன்பே அவள் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடுவாள். மொட்டைக் காட்டி, "சொல்லு கண்ணு, பூ" என்று உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் அவள் முதலில் சொன்ன சொல் அதுதான்.

ஊர்ப்பேச்சையும் எழுதத்தான் வேண்டும். "பெத்தவ கிரகணத்துல வெளிய வந்திருப்பா" என்பார்கள். கிரகணத்துக்கும் பிளவுக்கும் சம்பந்தமே இல்லை. மரபணு, ஃபோலிக் அமிலக் குறைவு, சில மாத்திரைகள், புகை என்று பல காரணங்கள் சேரலாம். ஒரே காரணத்தைச் சுட்ட முடியாத குழந்தைகளே அதிகம். என் மகளைச் சுமந்து பெற்ற பெண்ணை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் குறை சொல்ல நான் விடுவதில்லை. "என்ன கூட்டமுங்க அம்மணி?" என்று குலத்தைக் கேட்டவர்களுக்கு என் மாமியாரே பதில் சொன்னார்: "எங்க கூட்டந்தானுங்க." காதுகுத்தன்று என் அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்து மாமன் மடியில் அவளை உட்காரவைத்தபிறகு அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது.

தத்தெடுத்தபின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். அந்த அறிக்கைகளும் முடிந்துவிட்டன. இப்போது பள்ளிக்குப் போகிறாள். காது நன்றாகக் கேட்க முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி டீச்சரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. எட்டு, ஒன்பது வயதில், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறில் உள்ள இடைவெளியில் வைப்பார்கள். அதற்கு முன் பல் வரிசையைச் சீராக்க வேண்டும். அடுத்த மாதம் புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்க்கிறோம்.